சித்திரத்துக்குக் குரல் கொடுத்தோர்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொலைக்காட்சியிலே வரும் கார்ட்டூன் சித்திரங்களுக்குக் குரல் கொடுக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். இது குழந்தைகள் விஷயமன்றோ, பெரியோர் கூடிய சபையிலே பேசத் தகுமோ என்று சிலர் எண்ணலாம். ஒருவருடைய குரல் யாருக்கு உரியது என்னும் கேள்வி இவ்வரலாற்றினுள்ளே கிடக்கின்றது. அக்கேள்வி இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஆதலின் சற்றுப் பொறுமையுடன் கேட்கும்படி வேண்டுகின்றேன்.

நாட்டிய நூலார் அபிநயத்தை நான்காக வகுத்தனர். உறுப்புக்களாற் காட்டுவது ஆங்கிகம். சொல்லாலும் குரலாலும் காட்டுவது வாசிகம். உடையாலும் ஒப்பனையாலும் காட்டுவது ஆகாரியம். உள்ளத்து உணர்ச்சி மெய்யிலே தோன்றுவது சாத்துவிகம். மேடையிலே இந்நான்கும் ஒரே நடிகனிடம் அமைகின்றன. சித்திரப் படத்திலோ அவை பிரிந்துவிடுகின்றன. ஆங்கிகமும் ஆகாரியமும் ஓவியன் கையிலே. வாசிகம் மூடிய அறையொன்றில் ஒலிவாங்கியின் முன் நிற்கும் வேறொருவர் வாயிலே. அவர் முகத்தை நாம் காண்பதில்லை. பெயரையும் நெடுங்காலம் அறிந்ததில்லை.

முதலிலே இக்கலை திரையரங்கிலே பிறந்தது. 1928ஆம் ஆண்டு நவம்பரிலே மிக்கி எலி ஒலியுடன் தோன்றியது. அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வெலிக்குக் குரல் கொடுத்தவர் வால்ற் டிஸ்னியே. வோர்ணர் சகோதரர் கம்பனியின் படங்களிலே பக்ஸ் பனி என்னும் முயலுக்கும், டஃபி என்னும் வாத்துக்கும், இன்னும் பல பிராணிகளுக்கும் மெல் பிளாங்க் என்பவர் ஒருவரே குரலளித்தார். சம்பள உயர்வு கேட்ட அவருக்கு அது மறுக்கப்பட்டது. அதற்கு ஈடாக 1940களில் அவர் பெயர் திரையிலே இடம்பெற்றது. அதே படங்களில் எல்மர் என்னும் வேடனுக்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்த ஆதர் பிரையனின் பெயரோ பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஒருவர் பெயர் விளங்க, மற்றையோர் மறைந்தே நின்றனர்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 சட்டங்கள் வேண்டும். இரண்டு சட்டத்துக்கு ஒரு படம் வரைந்தாலும் ஐயாயிரத்துக்கு மேல் வரையவேண்டும். தொலைக்காட்சியிடம் அதற்கேற்ற பணமும் இருக்கவில்லை, காலமும் இருக்கவில்லை. டொம், ஜெரி என்னும் பூனையையும் எலியையும் படைத்த ஹனா, பாபரா என்னும் இருவரும், தம் பகுதியை எம்.ஜி.எம். கம்பனி 1957இல் மூடியபின், ஒரு சிக்கன வழியைக் கைக்கொண்டனர். உடலை அசையாது நிறுத்தி வாயையும் கண்ணையும் மாத்திரம் அசைத்தனர். யோகி என்னும் கரடிக்குக் கழுத்துப்பட்டி ஏன் தெரியுமா? அசையும் தலைக்கும் அசையா உடலுக்கும் உள்ள பொருத்து அதன்கீழ் மறையும்!

ஆங்கிகம் இவ்வாறு மெலியவே, பாரம் முழுவதும் வாசிகத்தின் தலையிலே விழுந்தது. பூனையும் எலியும் பேசாமலே உலகைச் சிரிக்க வைத்தவை. யோகி கரடியோ பேசாவிட்டால் ஒன்றுமில்லை. சக் ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற சித்திரப்பட இயக்குநர் இத்தகைய படங்களைப் "படம் வரைந்த வானொலி" என்று இகழ்ந்தார். இகழ்ச்சியே ஆயினும் அதில் உண்மை உண்டு. தொலைக்காட்சியின் வருகையால் அமெரிக்க வானொலி நாடகம் அக்காலத்திலே தேய்ந்துகொண்டிருந்தது. அங்கே பயின்ற டோஸ் பட்லர், ஜூன் ஃபோரே முதலியோர் சித்திரங்களுக்கு உயிர் கொடுக்க வந்தனர். 1960 செப்தெம்பரிலே பெரியோரும் பார்க்கும் இரவு நேரத்தில் ஃபிளின்ற்ஸ்ரோன்ஸ் என்னும் தொடர் தொடங்கியபோது, நடிகர் ஒன்றாகக் கூடி நின்று வானொலி நாடகம் போலவே அதனைப் பதிவு செய்தனர்.

1961 ஜனவரி 24இல் மெல் பிளாங்க் கொடிய மோட்டார் விபத்தொன்றிலே சிக்கி, ஏறத்தாழ இரண்டு வாரம் நினைவிழந்து கிடந்தார். பெயர் சொல்லி அழைத்தும் பேசவில்லை. வைத்தியர் ஒருவர், பக்ஸ் பனியே நலமா என்று கேட்டபோது, அம்முயலின் குரலிலே மறுமொழி வந்ததென்று அவரே பின்னர்த் தம் சரிதையிலே கூறினார். ஃபிளின்ற்ஸ்ரோன்ஸ் தொடரிலே அவருடைய பாத்திரத்துக்குச் சில வாரம் டோஸ் பட்லர் குரல் கொடுத்தார். பின்பு பதிவுக் கருவிகளைக் கட்டிலருகே கொண்டுவந்து வைக்க, உடல் முழுவதும் மாக்கட்டுடன் படுத்திருந்தபடியே பிளாங்க் பேசினார். பார்த்தவர்கள் கண்டது சிரிக்கும் பொம்மையை மாத்திரமே.

உழைப்புக்கு உரிய ஊதியம் கிடைத்ததா? அத்தொடரிலே வில்மா என்னும் மனைவிக்குக் குரல் கொடுத்தவர் ஜீன் வான்டர் பில். 1966இல் 166 தொடர்களுடன் அது நின்றபோது, மறு ஒளிபரப்புக்களுக்குரிய பங்குக்குப் பதிலாக 15,000 டொலரை ஒரே தடவையாகப் பெற்றுக்கொண்டார். அதன் பின் அத்தொடர் பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஓடிற்று. அப்பங்கு கிடைத்திருந்தால் தாம் வாழும் ஊரையே விலைக்கு வாங்கியிருக்கலாம் என்று முதுமையிலே வேடிக்கையாகச் சொன்னார். சிம்ப்சன்ஸ் தொடரின் ஆறு நடிகர்களோ 1998இல் ஒற்றுமையாக நின்றனர். அவர்களுக்குப் பதில் புதியோரைத் தேடும் முயற்சியும் நடந்தது. இறுதியில் ஒரு தொடருக்கு 30,000 டொலராக இருந்த ஊதியம் 125,000 ஆயிற்று.

அச்சிம்ப்சன்ஸ் தொடரிலே பத்து வயதுச் சிறுவனாகப் பேசுபவர் நான்சி கார்ட்ரைட் என்னும் பெண்மணி. வளரும் பையனின் குரல் உடைந்துவிடும். பெண்ணின் குரல் பல்லாண்டு மாறாது நிற்கும். இதனை யப்பானியரும் நன்கு அறிந்தனர். 1963 ஜனவரி முதலாந் திகதி தொடங்கிய அஸ்ரோ போய் என்னும் இயந்திரச் சிறுவனுக்கு மாரி ஷிமிசு என்னும் பெண்மணி குரலளித்தார். அமெரிக்காவிலே முதலிற் குரலைப் பதிந்து பின்பு அதற்கேற்ப வரைவது வழக்கம்; யப்பானிலோ படத்தை முன்னே ஓடவிட்டு அதன் வாயசைவுக்கேற்பப் பேசுவது வழக்கம். அங்கே குரல் நடிகருக்குச் "செய்யூ" என்று தனிப் பெயரும் உண்டு, பெருமதிப்பும் உண்டு.

நம் நாட்டிலே 1982இல் ரூபவாஹினி தோன்றியபின், ரைற்றஸ் தொட்டவத்த அவர்களின் முயற்சியாலே பக்ஸ் பனி "ஹா ஹா ஹரி ஹாவா" என்னும் பெயருடன் சிங்களம் பேசிற்று. தமிழிலே, சென்னையிலிருந்து 2007இல் தொடங்கிய சுட்டி ரீவியில் டோராவும் ஜாக்கி சானும் பேசிய தமிழ் இங்குள்ள பிள்ளைகள் பலருக்கும் மனப்பாடம். இளைஞர்களே, அக்குரல்களுக்கு உரியோருள் ஒருவரது பெயரையாவது சொல்ல உங்களால் இயலுமா?

இப்பொழுது புதியதோர் ஆபத்து வந்துள்ளது. ஒருவர் பேசிய சிறு பதிவைக் கொண்டே, அவர் ஒருபோதும் சொல்லாத சொற்களை அவர் குரலிலே கணினி பேசிக்காட்டுகின்றது. அமெரிக்கக் குரல் நடிகரின் சங்கம் தொலைக்காட்சிச் சித்திரப்படங்களுக்கெனச் செய்த ஒப்பந்தத்திலே 2024இல் இதற்குக் காப்பு விதிகளைச் சேர்த்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே யப்பானிய நடிகர் பலர், தம் சம்மதமின்றித் தம் குரலைப் பிரதி செய்யலாகாதென்று பகிரங்கமாகக் கோரினர்.

இது நடிகருக்கு மாத்திரம் வந்த துன்பமென்று எண்ணற்க. பிள்ளையின் குரலிலே பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, ஆபத்தென்று சொல்லிப் பணம் பறிக்கும் மோசடியைப் பற்றி அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 2023இல் எச்சரித்தது. கடல் கடந்த நாடுகளிலே பிள்ளைகளை வைத்திருக்கும் நம் பெற்றோர் இதனை மனத்திற்கொள்ளவேண்டும். அத்தகைய அழைப்பு வருமாயின், தொலைபேசியை வைத்துவிட்டு, நீங்கள் அறிந்த இலக்கத்துக்கு நீங்களே மீண்டும் அழைத்துப் பாருங்கள்.

இயந்திரம் வாசிகத்தைப் பிரதி செய்யலாம். மாக்கட்டுடன் கிடந்து சிரிப்பூட்டிய மனிதனின் சாத்துவிகம் அதனிடத்தில் இல்லை. ஆயினும் பிரதியே போதுமென்று கேட்போர் அமைந்துவிட்டால், அக்கலையைக் காப்பார் ஒருவருமிலர். ஆதலின் கேட்போராகிய நமக்கும் கடமை உண்டு. படம் முடிந்தவுடன் எழுந்து போகாமல், ஈற்றிலே ஓடும் பெயர்களைப் படியுங்கள். நம் சங்க நாடகங்களிலே திரைக்குப் பின்னின்று குரல் கொடுப்போர் பெயரையும் நிகழ்ச்சி நிரலிலே அச்சிடுங்கள். ஒருவர் குரலைப் பதிவதற்கு முன் அவர் சம்மதத்தைக் கேளுங்கள்.