கோவைக்கொடியைச் சரியாக அறிவோம்



தோட்டப்புற வேலிகளிலும் புதர்களிலும் தானாகப் படர்வது கோவைக்கொடி. மலாயில் இதைப் பெப்பாசான் என்பார்கள். வெள்ளரி, பாகல், புடலை எல்லாம் இதே குடும்பம்தான். இதன் இளந்தளிரையும் காயையும் சமைத்து உண்ணலாம். ஆனால், கண்ட கொடியையெல்லாம் கோவை என்று பறித்துவிடக் கூடாது.

பறிக்குமுன் நான்கு அடையாளங்களைப் பாருங்கள்:

• இலை பெரும்பாலும் ஐந்து முனைகளுடன் இருக்கும்.
• பற்றுக்கம்பி கிளைக்காமல் ஒற்றையாகச் சுருளும்.
• பூ வெள்ளை நிறம். ஐந்து மடல்கள் நட்சத்திரம்போல் விரியும். மடலின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் அது காட்டுப்புடலை வகை, விட்டுவிடுங்கள்.
• காய் சிறியது. பச்சைத் தோலில் வெள்ளைக் கோடுகள் ஓடும். பழுத்தால் செக்கச்செவேல் என்றாகும்.

காய் கடுமையாகக் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். வெள்ளரிக் குடும்பக் காய்களில் வரும் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வேகவைத்தாலும் அது போகாது.

களைக்கொல்லி தெளித்த இடங்களில் எதையும் பறிக்காதீர்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கோவையை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதை மருந்தாக உண்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையுடன் சேர்ந்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம்.

உண்டபின் வாந்தி வந்தால், மீதமுள்ள காயையும் இலையையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள். மயக்கம் வந்தால் 999ஐ அழையுங்கள்.

சந்தேகமா? பறிக்காதீர்கள்.