தரவுக் களஞ்சியத்தின் சந்தி

ஒரு நிறுவனத்தின் நினைவு அதன் ஏடுகளில் இருந்த காலம் ஒன்றுண்டு. காணி உறுதிகளும், பிறப்பு இறப்புப் பதிவுகளும், நோயாளரின் குறிப்புகளும், வங்கிக் கணக்குகளும் அலுமாரிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் எல்லோரும் அறிந்திருந்தனர். இன்று அந்த ஏடுகளிற் பெரும்பாலானவை கணினி வட்டுகளுக்குட் சென்றுவிட்டன. ஆயினும் திறப்பைப் பற்றிய பழைய கேள்வி மறையவில்லை. வட்டுகளுக்கும் அவற்றைக் கேட்டு நிற்கும் கணினிகளுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதன் பெயரைப் பொதுமக்களில் அறிந்தவர் மிகச் சிலரே. அந்தப் பெட்டியை நிறுவுவதும் பேணுவதும் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

'பைபர் சனல் ஆளி' என்பது அதன் பெயர். ஆளி என்றவுடன் சுவரிலுள்ள மின்விளக்கு ஆளியை நினைக்க வேண்டாம். புகையிரதப் பாதைகள் பல வந்து கூடும் ஒரு சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புறத்தில் சேவையகங்கள் எனப்படும் பெருங்கணினிகள். மறு புறத்தில் நூற்றுக்கணக்கான வட்டுகளைக் கொண்ட சேமிப்பகங்கள். எந்தச் சேவையகத்திலிருந்து வரும் கோரிக்கை எந்தச் சேமிப்பகத்துக்குச் செல்ல வேண்டுமோ, அந்த வழியில் அதனைத் திருப்பிவிடுவதே இச்சந்தியின் தொழில். வடங்கள் வந்து பொருந்தும் வாயில்களைத் துறைகள் என்பர். இவ்வாறு ஆளிகளாற் பிணைக்கப்பட்ட முழு அமைப்புக்கும் சேமிப்பு வலையமைப்பு என்று பெயர்.

இந்த முறைக்கான வேலை 1988 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தொடங்கியது; 1994 இல் அந்நாட்டின் தேசிய நியம நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் வினாடிக்கு ஒரு கிகாபிட் என்ற அளவில் இருந்த வேகம், இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என இரட்டித்து, இன்று 32, 64 என்னும் அளவுகளுக்கு வந்திருக்கிறது.

சாதாரண வலையமைப்பு இருக்கும்போது இதற்கென ஒரு தனிவழி ஏன் என்று கேட்கலாம். சாதாரண வலையமைப்பில் நெரிசல் ஏற்படின் சில பொதிகள் கைவிடப்படும். அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். மின்னஞ்சலுக்கு அது போதும். வட்டிலே எழுதப்படும் தரவுக்கோ அந்தத் தாமதமும் தடுமாற்றமும் பொறுக்கத்தக்கவை அல்ல. ஆகவே பைபர் சனல் வேறொரு நெறியைக் கைக்கொள்கிறது. நமது நாட்டில் ஒற்றைப் புகையிரதப் பாதைகளில் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். அடுத்த நிலையம் ஒப்புதல் கொடுத்து, அதற்கு அடையாளமான 'டெப்லட்' என்னும் வில்லை சாரதியின் கையிற் சேரும் வரை வண்டி நகராது. பைபர் சனலிலும் எதிர்த்துறை தன்னிடத்தில் இத்தனை பொதிகளுக்கு இடமுண்டு என்று முன்னதாகவே அறிவிக்கிறது. அந்த எண்ணிக்கையைக் கடன்தொகை என்பர். ஒரு பொதி சென்றால் ஒன்று குறையும். எதிர்த்துறை அதனை ஏற்று இடத்தை ஒழித்தபின் ஒன்று கூடும். தொகை தீர்ந்துவிட்டால் அனுப்பும் துறை காத்து நிற்கும். இடமின்மை காரணமாகப் பொதியை எறிந்துவிடுதல் இங்கு வழக்கமில்லை.

இனி நிறுவும் முறைக்கு வருவோம். இதில் முதல் விதி, ஒன்றை மட்டும் நிறுவாதே என்பதாகும். இரண்டு ஆளிகள், இரண்டு தனித்தனி வலையமைப்புகள். ஒவ்வொரு சேவையகத்திலிருந்தும் ஒரு வடம் முதலாவதற்கும், மற்றொரு வடம் இரண்டாவதற்கும் செல்லும். சேமிப்பகமும் அவ்வாறே இரண்டிலும் பிணைக்கப்படும். இவ்விரு வலையமைப்புகளையும் ஒன்றோடொன்று தொடுத்தல் ஆகாது. தொடுத்தால் ஒன்றில் நேரும் பிழை மற்றதையும் பற்றிக்கொள்ளும். இரண்டாக அமைத்ததன் பயன் இல்லாமற் போகும். ஒவ்வோர் ஆளியிலும் இரண்டு மின்வழங்கிகள் இருக்குமாயின் அவற்றை இரு வேறு மின்வழிகளில் இணைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பலகையிற் செருகிவிட்டு இரட்டைப் பாதுகாப்பு உண்டென்று நம்புவது வீண்.

இறாக்கையில் ஏற்றும்போது காற்று எப்பக்கம் புகுந்து எப்பக்கம் வெளியேறுகிறது என்று பார்த்தல் வேண்டும். சில ஆளிகள் துறைகள் உள்ள பக்கத்தாற் காற்றை உள்ளிழுக்கும். சில அப்பக்கத்தால் வெளியே தள்ளும். அருகிலுள்ள யந்திரங்களின் வெப்பக் காற்றை உறிஞ்சும் நிலையில் ஓர் ஆளியை மாட்டிவிட்டால், அது பிழையின்றி வேலை செய்வதுபோலத் தோன்றி, காலத்துக்கு முன்னரே களைத்துப் போகும்.

அடுத்தது வடம். இங்கே செய்தியைச் சுமப்பது ஒளி. குறுந்தூரத்துக்குப் பயன்படும் ஒளியிழையின் உட்கரு 50 மைக்குரோன் அகலமுடையது. நெடுந்தூரத்துக்குரிய இழையில் அது ஏறக்குறைய 9 மைக்குரோன் மட்டுமே. நமது தலைமயிரைவிட இரண்டும் நுண்ணியவை. கண்ணுக்குத் தெரியாத தூசித் துகள் ஒன்று அந்த வாயிலில் ஒட்டினாலும் ஒளி மங்கும். ஆகவே வடத்தின் மூடியைக் கழற்றியவுடன் செருகிவிடாமல், முனையைப் பார்வையிட்டு, துப்புரவு செய்து, மீண்டும் பார்வையிட்டுச் செருகுவதே முறை. பார்வையிடுதல் என்றால் அதற்கென உள்ள நுணுக்குக்காட்டியாற் பார்த்தல். வெறுங்கண்ணை ஒளியிழையின் வாயிலில் வைத்தல் அன்று. குறுந்தூர வடத்திற் செல்லும் 850 நனோமீற்றர் ஒளி நமது கண்ணுக்குப் புலப்படாது. ஆனாற் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது.

தூரத்துக்கும் வேகத்துக்கும் ஒரு கணக்குண்டு. 'ஓ.எம். 3' என்னும் தரத்து இழையில் பதினாறு கிகாபிட் வேகம் 100 மீற்றர் வரை செல்லும். வேகத்தை 32 ஆக உயர்த்தினால் அதே இழையில் 70 மீற்றருடன் நின்றுவிடும். பழைய வடங்களை அப்படியே வைத்துக்கொண்டு புதிய ஆளியை வாங்குவோர் இக்கணக்கை மறந்து வருந்துவதுண்டு. வடத்தைக் கடுமையாக மடிப்பதும், பிளாத்திக்குக் கட்டுகளால் இறுக்கி நெரிப்பதும் ஒளியைக் கசியவிடும். துணிப்பட்டியால் இலேசாகக் கட்டுதல் நன்று. வடத்தின் இரு முனைகளிலும் அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்று எழுதிய சீட்டு ஒட்டப்பட வேண்டும்.

இனி முகவரியும் அனுமதியும். ஒவ்வோர் ஆளிக்கும் 1 முதல் 239 வரையான எண்களுள் ஒன்று வலையமைப்பில் அதன் அடையாளமாக வழங்கப்படும். ஒரே எண்ணையுடைய இரண்டு ஆளிகளைத் தொடுத்தால், அவை ஒன்றாக இணைய மறுத்துப் பிரிந்து நிற்கும். ஆகவே எண்ணை நாமே திட்டமிட்டு வழங்குதல் உத்தமம். வேறெங்கோ பயன்பட்ட ஆளியைக் கொண்டுவந்து சேர்ப்பதாயின், அதன் பழைய அமைப்புகள் முழுவதையும் அழித்த பின்னரே தொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்ற வேண்டும். கடிகாரத்தைப் பொது நேரத்துடன் பொருத்த வேண்டும். நேரம் பொருந்தாத பதிவேடுகளைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று துப்பறிய முடியாது.

நமது ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை இலக்கம் இருப்பதுபோல், இவ்வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஒரு பெயர் உண்டு. அது பதினாறு எழுத்திலக்கங்களால் ஆனது. இன்ன பெயருடைய சேவையகம் இன்ன பெயருடைய சேமிப்பகத்தையே காணலாம் என்று எல்லை வகுப்பதை வலயமிடல் என்பர். கல்வி வலயம் என்ற சொல் நமக்குப் பழகியதே. ஒரு வலயத்தின் அலுவல் மற்ற வலயத்தின் எல்லைக்குட் புகாது. அதுபோலவே, வலயமிடாத வலையமைப்பில் ஒரு சேவையகம் தனக்குரியதல்லாத வட்டைக் கண்டு, வெற்று வட்டென்று எண்ணி அதன்மேல் எழுதிவிடவும் கூடும். சம்பளப் பதிவுகளின்மேல் நூலகப் பட்டியல் எழுதப்பட்டால் எப்படியிருக்கும் என்று சிந்தியுங்கள். ஒரு வலயத்தில் ஒரு சேவையகத்தின் ஒரு துறை மட்டுமே இருக்க வேண்டும் என்பது தேர்ந்தோர் கைக்கொள்ளும் ஒழுங்கு. வலயங்களின் எண்ணிக்கை பெருகும் என்பது மெய். குழப்பம் குறையும் என்பது அதனினும் பெரிய மெய்.

நிறுவிய பின் ஒரு சோதனை உண்டு. அதனைச் செய்யாதவர் வேலையை முடித்தவர் ஆகார். பயனாளர் எவரும் வருமுன்னர், ஒரு பக்கத்து ஆளியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். சேவையகங்கள் தடையின்றி மறுபக்கத்தால் இயங்குமாயின் இரட்டை வழி மெய்யானது. நின்றுவிடுமாயின், நல்ல வேளையாக இன்றே அறிந்துகொண்டோம்.

பேணுதல் என்பது நிறுவுதலினும் நீண்ட பணி. ஆளி தன் துறைகள் ஒவ்வொன்றிலும் நேர்ந்த பிழைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்களை வாரந்தோறும் எடுத்து எழுதி வைத்தல் வேண்டும். ஓர் எண் பெரிதாயிருப்பது நோயன்று. அது கடந்த ஆண்டு நிகழ்ந்ததாயும் இருக்கலாம். எண் வளர்ந்துகொண்டிருப்பதே நோய். சிதைந்த பொதிகளின் எண்ணிக்கை ஒரு துறையில் ஏறிவருமாயின், முதலில் முனைகளைத் துப்புரவு செய்க; தீராவிடின் வடத்தை மாற்றுக; அதன் பின்னும் தீராவிடின் ஒளியை அனுப்பி வாங்கும் சிறு செருகியை மாற்றுக. மூன்றையும் ஒரே வேளையில் மாற்றினால் நோய் தீரலாம். அதன் காரணம் தெரியாது போகும். அச்செருகி தனது ஒளியின் வலுவைத் தானே அளந்து சொல்லும். அது மாதந்தோறும் குறைந்து வருவதைக் கண்டவர், அறுந்து விழுமுன் மாற்றிவிடுவார்.

இன்னொரு நோய் நுட்பமானது. சேவையகம் ஒன்று தனக்கு வந்த பொதிகளை விரைந்து ஏற்காமல் தேங்கவிடுகிறது. அதற்குரிய கடன்தொகை தீர்கிறது. அதனை நோக்கிச் செல்லும் பொதிகள் இடைவழியில் நிற்க, அவற்றின் பின்னே வேறு சேவையகங்களுக்குரிய பொதிகளும் நிற்கின்றன. ஒரு நிலையத்தில் வண்டி நகராவிட்டால் அதற்கு முந்திய நிலையங்கள் எல்லாவற்றிலும் பயணிகள் காத்திருப்பது போலாம். அப்போது முறைப்பாடு வருவது குற்றமற்ற இடத்திலிருந்து. குற்றம் இருப்பது வேறிடத்தில். ஆகவே முறைப்பாடு செய்தவரின் துறையோடு நின்றுவிடாமல், எந்தத் துறையில் தொகை தீர்ந்து காத்திருந்த நேரம் மிகுந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஆளியின் உள்ளே இயங்கும் நிலைப்பொருளை உற்பத்தியாளர் காலந்தோறும் திருத்தி வெளியிடுவர். அதனை ஏற்றும்போது ஒரு பக்கத்தை முடித்து, எல்லாச் சேவையகங்களும் இரண்டு வழிகளையும் மீண்டும் பெற்றுவிட்டன என்று எண்ணிப் பார்த்து, சில நாள் பொறுத்து, அதன் பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். தொடுமுன் அமைப்புகளின் பிரதி ஒன்றை வேறிடத்தில் எடுத்து வைத்தல் வேண்டும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். 2010 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மாநில அரசின் கணினிகளுக்குப் பொதுவாயிருந்த சேமிப்பு வலையமைப்பில், சேமிப்பகம் ஒன்றின் நினைவகப் பலகை பழுதுற்றது. ஆளி அன்று, ஆளியின் மறுமுனையில் இருந்த பெட்டி. பழுதடைய வாய்ப்பே அரிது என்று மதிக்கப்பட்ட யந்திரம் அது. 26 திணைக்களங்களின் வேலை பாதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு வாரம் சாரதி அனுமதிப்பத்திரங்களை வழங்க முடியாமற் போயிற்று. வரிசையில் நின்று திரும்பிய மக்கள் சேமிப்பு வலையமைப்பு என்ற சொல்லையே முன்பு கேட்டிருக்க மாட்டார்கள். தமது அலுவல் நடக்கவில்லை என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது.

இதிலிருந்து மற்றோர் உண்மையையும் பெறலாம். இரட்டை வழி வேறு, பிரதி வேறு. ஒருவர் தவறுதலாக ஒரு கோவையை அழித்தால், இரு வழிகளாலும் சென்று பார்த்தாலும் அது அழிந்ததாகவே இருக்கும். வழி எவ்வளவு செம்மையாயினும், அதற்குப் புறம்பாக, தொடர்பு துண்டித்து வைக்கப்பட்ட ஒரு பிரதி இருந்தே ஆகவேண்டும். அப்பிரதியிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று இடையிடையே செய்து பார்க்கவும் வேண்டும்.

நேயர்களே, இப்பெட்டியைப் பேணுபவனின் வேலை நன்றாக நடக்கும் வரை அவனை யாரும் நினைப்பதில்லை. அவனுடைய வெற்றி, ஒன்றும் நிகழாதிருத்தல். அதற்குரிய கருவிகளும் பெரியவை அல்ல: துப்புரவுத் துணி, பெயர்ச்சீட்டு, குறிப்பேடு, ஒரு வேளையில் ஒன்றையே தொடும் பொறுமை. இவற்றுள் மிக எளிதிற் கைவிடப்படுவது குறிப்பேடு. இன்று நிறுவியவர் நாளை இடமாற்றம் பெற்றுச் செல்வார். எந்த வடம் எங்கே செல்கிறது, எந்த வலயம் எதற்காக வகுக்கப்பட்டது என்பவை அவரோடு சென்றுவிடலாகாது. உங்கள் அலுவலகத்தில் அத்தகைய பெட்டி ஒன்று இருக்குமாயின், அதன் விலையைக் கேட்குமுன், அதன் குறிப்பேடு எங்கே என்று கேளுங்கள். அது உடனே எடுத்துக் காட்டப்படுமாயின் உங்கள் ஏடுகள் நல்ல கைகளில் இருக்கின்றன.