"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்": நேர்முகத் தேர்வின் முதல் வினாக்கள்

(கார்ஜ் லே கொனெசில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிரான்சில் வேலைக்கான நேர்முகத் தேர்வு பெரும்பாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோளுடனேயே தொடங்குகின்றது. எளிதாகத் தோன்றும் இவ்விடத்திலேயே எமது பிள்ளைகள் தடுமாறுவதுண்டு.

அதற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்து வந்த பெற்றோரிற் பலர் இம்மண்ணில் முதன்முதலாக எதிர்கொண்ட நேர்காணல், தஞ்சம் கோரி ஒவ்ப்ரா அலுவலகத்தில் நிகழ்ந்ததாகும். அங்கு பிறந்த ஊரும், பட்ட துயரும், தப்பி வந்த வழியும், திகதிகளும் கேட்கப்பட்டன. ஒரு திகதி பிசகினும் வாழ்வே பிசகிவிடும் என்ற அச்சம் நிலவிற்று. அந்த அச்சமே "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்னும் அறிவுரையாகப் பிள்ளைகளிடம் வந்து சேர்கின்றது. தற்புகழ்ச்சி தகாது என்ற எமது பண்பும் அதனுடன் இணைந்துகொள்கின்றது.

ஆனால் தொழில் நேர்காணலின் நோக்கம் வேறு. அங்கே கடந்துவந்த துயர் அளக்கப்படுவதில்லை. இனிச் செய்யப்போகும் பணியே அளக்கப்படுகின்றது. செய்ததைச் செய்தேன் என்று கூறுவது தற்புகழ்ச்சியன்று, அது சான்று.

முதல் வினாவுக்கு இரண்டு நிமிடங்கள் போதும். இப்போது என்ன கற்கிறார் அல்லது செய்கிறார், இதற்கு முன் எதைச் செய்து எதைக் கற்றுக்கொண்டார், இந்தப் பணியை ஏன் நாடுகிறார் என்ற மூன்றையும் ஒழுங்காகக் கூறவேண்டும். லாச்சப்பல் கடையொன்றில் விடுமுறை நாட்களிற் பணிபுரிந்த மாணவி "கடையில் உதவினேன்" என்று முடித்துவிடலாகாது. பணப்பெட்டியைக் கணக்குப் பார்த்ததையும், மூன்று மொழிகளில் வாடிக்கையாளருடன் உரையாடியதையும் எடுத்துரைக்கவேண்டும்.

"எமது நிறுவனத்தை ஏன் தெரிவு செய்தீர்கள்?" என்பது அடுத்த வினா. "வேலை தேவை" என்பது உண்மையாயினும் விடையாகாது. அந்நிறுவனம் செய்யும் பணியை முன்கூட்டியே அறிந்து, அதில் ஒன்றைத் தமது திறனுடன் இணைத்துக் கூறுதல் வேண்டும். குறை எதுவென்று வினவினால், உண்மையான சிறு குறையொன்றையும் அதைத் திருத்த எடுக்கும் முயற்சியையும் சொல்லவேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பையும் அறிந்திருத்தல் அவசியம். பிரெஞ்சுத் தொழிற்சட்டக் கோவையின் எல் 1221-6 ஆம் பிரிவின்படி, கேட்கப்படும் தகவல்கள் பணியுடன் நேரடியானதும் அவசியமானதுமான தொடர்பு உடையவையாக இருத்தல் வேண்டும். அத்தகைய வினாக்களுக்கு நேர்மையாகப் பதிலளிப்பது விண்ணப்பதாரரின் கடமை. பணிபுரியும் அனுமதியைச் சரிபார்ப்பது முறையானதே. எனினும் பூர்வீகம், மதம், குடும்பப் பெயர், கர்ப்பம் என்பவற்றைக் காரணங்காட்டி ஒருவரை ஒதுக்குவது எல் 1132-1 ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. 2014 ஆம் ஆண்டு முதல் வதிவிடமும் அப்பட்டியலில் உள்ளது. எனவே விண்ணப்பத்தில் கார்ஜ் என்ற முகவரியைக் கண்டு ஒருவரைத் தள்ளிவைக்கச் சட்டம் இடமளிப்பதில்லை.

பொருந்தாத வினா எழுந்தால் சினங்கொள்ளத் தேவையில்லை. "இது இந்தப் பணியுடன் எவ்வாறு தொடர்புடையது?" என்று பணிவுடன் கேட்கலாம். பாகுபாடு நிகழ்ந்ததெனக் கருதுவோர், உரிமைப் பாதுகாவலர் நிறுவனத்தின் 39 28 என்ற தொலைபேசி இலக்கத்தை நாடலாம்.

16 முதல் 25 வயது வரையான இளையோருக்கு மிசியோன் லோக்கால் நிலையங்கள் நேர்காணற் பயிற்சிக்கு வழிகாட்டுகின்றன. 2024 ஜனவரி 1 முதல் பிரான்ஸ் திரவாய் எனப் பெயர்மாற்றம் பெற்ற வேலைவாய்ப்பு நிறுவனமும் உதவுகின்றது.

பெற்றோர்களே, பிரெஞ்சு மொழி சரளமாக வராவிடினும் நீங்களும் பயிற்சியளிக்கலாம். உணவு மேசையில் பிள்ளையை அமர்த்தி, "உன்னைப் பற்றிச் சொல்" என்று தமிழிலேயே கேளுங்கள். குறுக்கிடாது இரண்டு நிமிடங்கள் செவிமடுங்கள். சிறுவயதிலேயே உங்களுக்காகப் பிரெபெக்சரில் மொழிபெயர்த்த பிள்ளை அது. அந்த ஆற்றலைத் தனக்காகவும் பேசப் பயன்படுத்தலாம் என்ற துணிவை முதலில் வழங்கவேண்டியது வீடே.