ஏடு இருந்தால் அன்றோ எடுத்துக் காட்டலாம்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



சட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் இரண்டொருவர் கொட்டாவி விடுவது தெரிகிறது. பொறுத்தருள்க. சட்டத்திற்கு முன் ஒரு பெரியவரின் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

யுத்தத்தின் இறுதிக் காலத்தில், 2009 இல், கட்டிய துணியோடு இடம்பெயர்ந்தவர் அவர். அரசாங்கம் அவருக்கு வழங்கிய காணி உத்தரவுப்பத்திரம் போகும் வழியில் எங்கோ போயிற்று. திரும்பி வந்து தம் காணிக்குச் சான்று கேட்டு ஒரு கந்தோருக்கு நடையாய் நடந்தார். “பேரேட்டைத் தேடவேண்டும் ஐயா, அடுத்த கிழமை வாருங்கோ” என்பதே ஒவ்வொரு முறையும் அவர் பெற்ற மறுமொழி. அடுத்த கிழமைகள் ஆண்டுகளாயின. கடைசியில் எம் சங்கத்து இளைஞரிடம் வந்தார்.

நாம் கையிலெடுத்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை. 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆம் திருத்தம் தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கிற்று. 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறாய் என்று எவரும் எம்மைக் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயாற் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் எடுத்தல் வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரம்.

விண்ணப்பம் கொடுத்தோம். மறுமொழி நாள் தவறாது வந்தது. அந்த அளவில் நன்றி. ஆனால் அதிலிருந்தது ஒரே வரி: குறித்த பேரேடு தற்போது கிடைக்கவில்லை.

மறைத்துவிட்டார்கள் என்று கோபித்தோம். நேரிற் சென்று பார்த்தபோது கோபம் பாதியாகிவிட்டது. ஒழுகும் அறை; கயிற்றாற் கட்டிய கோவைகள் கூரையைத் தொட அடுக்கியிருந்தன; கீழடுக்கைக் கறையான் அரித்திருந்தது. எது எங்கே என்று சொல்ல ஓர் அட்டவணைதானும் இல்லை. பழைய லிகிதர் ஒருவரின் ஞாபகமே அங்கு அட்டவணையாக இருந்ததாம். அவரோ இளைப்பாறிவிட்டார்!

அன்பர்களே, ஒல்லாந்தர் வரி வாங்குவதற்காக எழுதிய தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்றும் இருக்கின்றன. எம்மிடம் பணம் பறிக்க எழுதிய ஏடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்க, எமக்கென்று நம் அரசாங்கமே எழுதிய ஏடு ஒரு தலைமுறைக்குள் மண்ணாவதா?

உரிமையைப் பேசுவோர் இச்சட்டத்தின் 7 ஆம் பிரிவைப் பெரும்பாலும் பேசுவதில்லை. எமக்கோ அதுவே உயிர்நிலையாகத் தோன்றுகிறது. பதிவேடுகள் யாவும் பட்டியலிட்டு, சுட்டியிட்டு வைக்கப்படல் வேண்டும். சட்டம் வந்தபோது இருந்தவற்றைக் குறைந்தது பத்து ஆண்டுகளும், பின்னர் உண்டாகுபவற்றைப் பன்னிரண்டு ஆண்டுகளும் பேணல் வேண்டும் என்கிறது அது. கேட்கும் உரிமையை எமக்குத் தந்த சட்டமே, கொடுக்கத் தக்கதாக வைத்திருக்கும் கடமையை அவர்களுக்கு விதித்திருக்கிறது. கணினி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உளர். சுட்டியில்லாத கோவையைக் கணினியில் ஏற்றினால், கறையானுக்கு மட்டுமே நட்டம்!

பெரியவரின் பெயரால், குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்குப் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தோம். இம்முறை பேரேட்டை மட்டும் கேட்கவில்லை. அந்தக் கந்தோரின் பதிவேட்டுப் பட்டியலையும் கேட்டோம். பட்டியல் இல்லையென்றால், இல்லையென்பதை எழுத்தில் தரும்படி கேட்டோம். மூன்று வாரத்தில் அவர் முடிவு சொல்லவேண்டும். அது திருப்தி தராவிடின், இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

மூன்று வாரம் முடிய இன்னும் ஆறு நாட்கள் இருக்கின்றன. பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம் காணியின் எல்லைகளை, வடக்கே எவர், கிழக்கே எவர் என்று, அவர் மனப்பாடமாகச் சொல்லுவார், கேட்டுப் பாருங்கள்.