சக்கரம் மடங்காத விமானம்

இன்று ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வானொலியில் போய்ப் புகைப்படமா என்று சிரிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் மூட வேண்டாம்.

மணல். எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல்தான். நடுவில் ஒரு பழைய போர் விமானம் வயிறு தரையில் பதிய உட்கார்ந்திருக்கிறது. இறக்கைகள் உண்டு, வால் உண்டு. முன்னால் சுழல வேண்டிய ப்ரொப்பல்லர் பிய்ந்துபோய்த் தனியே கிடக்கிறது. எழுபது ஆண்டு மணற்காற்று மேல்வர்ணத்தைத் தேய்த்து எடுத்துவிட்டதால் தகரம் பளபளக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால், விமானியின் முன்னிருந்த கருவிகள் பலவும் போட்டது போட்டபடி இருக்கின்றன.

இந்தப் படம் எடுக்கப்பட்டது 2012-இல், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில். எடுத்தவர் எண்ணெய் நிறுவன வேலைக்காக அங்கே போயிருந்த போலந்துக்காரர் ஒருவர். அந்த இடத்திலிருந்து ஒரு ஊரைப் பார்க்க வேண்டுமானால் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

விமானம் யாருடையது? இங்கேதான் ஆராய்ச்சிக்காரர்களின் வேலை தொடங்குகிறது. நம் ஊர் லாரிக்குப் பதிவு எண் இருப்பதுபோல, பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. இதன் எண் ஈ.டி. 574. அமெரிக்காவின் கர்ட்டிஸ் கம்பெனி செய்த பி-40 ரகம். பிரிட்டிஷார் வைத்த பெயர் கிட்டிஹாக். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய தாள்களில் தேடினால் ஒரு பெயர் வருகிறது. ஃபிளைட் சார்ஜென்ட் டென்னிஸ் காப்பிங், வயது 24, இங்கிலாந்தின் சவுத்எண்ட் ஊர்க்காரர், 260-ஆவது ஸ்குவாட்ரன். காணாமல்போன நாள் 1942 ஜூன் 28.

அன்று அவர் சண்டைக்குப் போகவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். பழுதான விமானத்தை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனார். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோமே, அந்த மாதிரி வேலை. விமானப்படையில் இதை ஃபெர்ரி என்பார்கள்.

ஆபத்தில்லாத வேலை என்று தோன்றும். அப்படியில்லை. பிரிட்டனில் இதற்காகவே ஓர் அமைப்பு இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 3 லட்சத்துக்கும் அதிகமான விமானங்களை அவர்கள் இடம் சேர்த்தார்கள். அந்த வேலையில் 170-க்கும் மேற்பட்ட விமானிகளும் விமானப் பணியாளர்களும் இறந்தார்கள். தனியாக ஆஸ்திரேலியாவரை பறந்து உலகப் புகழ் பெற்ற ஏமி ஜான்சன், 1941 ஜனவரியில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து மறைந்ததும் இப்படி ஒரு விமானத்தை ஒப்படைக்கப் போனபோதுதான்.

இந்தச் சாவுகளைத் துருவுவது சண்டையில் விழுந்தவர்களைத் தேடுவதைவிடக் கஷ்டம். சண்டை என்றால் இரண்டு பக்கமும் எழுதி வைக்கிறார்கள். இவன் என் ஆள் வரவில்லை என்று எழுதுவான். அவன் இத்தனை மணிக்கு ஒன்றைச் சுட்டேன் என்று எழுதுவான். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிக் கதை வந்துவிடும். ஃபெர்ரி பயணத்தில் எதிரியே இல்லை, எதிரியின் நோட்டுப்புத்தகமும் இல்லை. லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகளைப் பார்க்கலாம். சண்டை நடந்த நாளுக்குப் பக்கம் பக்கமாக ஓடும் எழுத்து, இப்படி ஒரு நாளுக்கு வரும்போது ஒரு வரியில் நின்றுவிடும்.

அந்த வாரம் எழுதுவதற்கு யாருக்கும் நேரம் இருந்திருக்காது என்பதும் உண்மை. தேதிகளைப் பாருங்கள். ஜூன் 21-இல் டோப்ரூக் துறைமுகம் ஜெர்மானியத் தளபதி ரோமலின் கையில் விழுந்தது. 29-இல் மெர்ஸா மத்ரூவும் போனது. ஜூலை 1-இல் எகிப்தின் அலமைனில் சண்டை தொடங்கிவிட்டது. பின்வாங்கும் பிரிட்டிஷ் படையோடு விமானப்படையும் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பழுதான விமானம் என்று விட்டுவிட்டு வந்தால் எதிரிக்குத்தான் போகும். எப்படியாவது கிளப்பிக் கொண்டுபோ என்பதுதான் நிலைமை.

காப்பிங்கின் விமானத்தில் கோளாறு சக்கரத்தில். மேலே போனதும் உள்ளே மடங்க வேண்டிய சக்கரங்கள் மடங்காது, தொங்கவிட்டபடியே பறந்தாக வேண்டும். அப்படிப் பறந்தால் காற்று பிடித்து இழுக்கும். வேகம் குறையும், பெட்ரோல் குடிக்கும். மரமோ ஆறோ ரயில் தண்டவாளமோ அடையாளத்துக்கு இல்லாத நிலம் வேறு. திசை தப்பி அவர் தெற்கே உள்பாலைவனத்துக்குள் போய்விட்டார். தாளில் உள்ள கதை அத்தோடு முடிகிறது.

மிச்சத்தை அந்த விமானமே சொன்னது. படங்களை உற்றுப் பார்த்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். ஒன்று, விமானத்தின் ஓரமாகப் பாராசூட் துணி. இரண்டு, உள்ளே இருக்க வேண்டிய ரேடியோவும் பேட்டரியும் வெளியே.

பாராசூட் தானாக வந்து விமானத்துக்குப் பக்கத்தில் விரிந்துகொள்ளாது. மேலிருந்து குதித்திருந்தால் விமானம் ஓரிடம், துணி ஓரிடம் என்று கிடக்கும். ஆக, அவர் விமானத்தோடுதான் இறங்கியிருக்கிறார், உயிரோடு இறங்கியிருக்கிறார். துணியை நிழலுக்காக விரித்திருக்கிறார். பிறகு விமானி இருக்கைக்குப் பின்னால் விமானத்தின் உடற்பகுதிக்குள் பொருத்தியிருக்கும் ரேடியோவைக் கழற்றி வெளியே எடுத்திருக்கிறார். ஜூன் மாத சகாரா வெயிலில் அந்தத் தகரத்தைத் தொட்டாலே கை பொரிந்துபோகும். பேட்டரி கனக்கும். யாருக்காவது கேட்கட்டும் என்று ஓர் இருபத்துநாலு வயதுப் பையன் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மணிநேரங்களைப் பற்றி எந்த நாட்குறிப்பிலும் ஒரு சொல் இல்லை. கழற்றிய ரேடியோவும் ஒரு துண்டுத் துணியும்தான் சாட்சி.

ஓர் ஆராய்ச்சிக்காரருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எந்தத் துண்டு எங்கே, எத்தனை அடி தள்ளி, எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதெல்லாம் எழுத்து மாதிரி. அதனால்தான் அடுத்து நடந்ததைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பாலைவனத்தில் விட்டால் ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் நியாயமானது. விமானத்தை மீட்க பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் முயன்றது. அந்த வேலைக்குக் கூலியாகத் தன் கையிருப்பிலிருந்த ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றையே கொடுத்தது. ஆனாலும் கிட்டிஹாக் இங்கிலாந்துக்குப் போகவில்லை. அலமைனுக்குக் கொண்டுவரப்பட்டுச் சில ஆண்டுகள் கிடந்தது. பிறகு அங்குள்ள ராணுவ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். வைக்கும் முன் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்! காற்று எழுபது ஆண்டு உட்கார்ந்து எழுதியதை ஒரு பிரஷ் சில நாட்களில் அழித்துவிட்டது. பழைய கோயில் கல்வெட்டின்மேல் வெள்ளையடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

காப்பிங்குக்குக் கல்லறை இல்லை. அதே அலமைனில் போர்க்கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதற்குள் நுழையும் வாசல்தான் நினைவு மண்டபம். கல்லறை தெரியாத 8,500-க்கும் அதிகமான ராணுவ வீரர்கள், 3,000-க்கும் அதிகமான விமானப்படையினர் பெயர்களை அதன் சுவர்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அவர் பெயரும் அங்கே உண்டு. அவர் கடைசியாக ஓட்டிய விமானம், சொன்னேனே, அதே ஊரில் புதுப் பெயிண்டோடு நிற்கிறது.