முகவர் இல்லாத காப்பீடு



1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியபோது 245 நிறுவனங்களின் அலுவல்களை அது ஏற்றுக்கொண்டது. அன்று முதல் காப்பீடு நம் நாட்டில் முகவரின் தொழிலாகவே வளர்ந்தது. மக்கள் தேடிச் சென்று வாங்கும் பண்டமன்று அது. வீடு தேடி வந்து விற்கப்படுவது. இணையம் இந்தப் பழைய பாடத்தில் ஒரு பகுதியை மாற்றியிருக்கிறது.

ஒரு பகுதியைத்தான். 2019-இல் கழகம் இணையத்தில் மட்டும் விற்ற திட்டம் 'டெக் டெர்ம்'. தனியார் நிறுவனங்களும் அதற்கு முன்பே டெர்ம் பாலிசியைத்தான் இணையத்திற்குக் கொண்டுவந்தன. காரணம் எளிது. குறித்த காலத்திற்குள் மரணம் நேர்ந்தால் இவ்வளவு தொகை, நேராவிடில் ஒன்றுமில்லை. ஒரே வாக்கியத்தில் விளங்கும். கட்டணங்களை ஒப்பிடவும் இயலும். கமிஷன் இன்மையால் பிரிமியமும் குறையும். போனஸ், சரண் மதிப்பு என்று விரியும் சேமிப்புப் பாலிசிகளை விற்க இன்றும் பெரும்பாலும் மனிதரே தேவைப்படுகிறார்.

மற்றோர் உத்தி, வேறொரு பொருளுடன் காப்பீட்டை இணைத்து விற்பது. 2016 செப்டம்பரில் இணையவழி ரயில் டிக்கெட்டுடன் 92 காசுக்குப் பயணக் காப்பீடு வழங்கப்பட்டது. விபத்தில் மரணத்திற்கு 10 லட்சம் ரூபாய். 92 காசுக்காக எந்த முகவரும் படியேற மாட்டார். விற்பனைச் செலவு அநேகமாக இல்லாததாலேயே இது சாத்தியமாயிற்று. ஆனால் நியமனதாரரின் பெயரைப் பயணியே பின்னர் வரும் இணைப்பில் பதிய வேண்டும். பதியாவிடில், வாரிசென்று மெய்ப்பிக்கக் குடும்பத்தார் அலைய நேரிடும்.

இங்கேதான் கவனம் தேவை. முகவர் விற்றதோடு நில்லாமல் படிவத்தையும் நிரப்பினார். (சிலர் தவறாகவும் நிரப்பினர், அது தனிக்கதை.) இப்போது அப்பொறுப்பு வாங்குபவருடையது. சர்க்கரை நோய் உண்டா என்ற வினாவுக்குக் கைப்பேசியில் அவசரமாகத் தரும் விடை, காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகள் வரை கேள்விக்குள்ளாகலாம். அதற்குப் பதில் சொல்ல நேர்வது பெரும்பாலும் மனைவிதான். நிறுவனங்கள் தொலைபேசி வழி மருத்துவ விசாரணை, பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது இதனாலேயே.

பாலிசி மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் இறந்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால்? 2013 முதல் உள்ள மின்னணுக் காப்பீட்டுக் கணக்கில், தமக்குப் பின் அதனைப் பார்வையிட ஒருவரை நியமித்து வைக்க வழியுண்டு. அலுவலகங்களின் சம்பளப் பிரிவுகளே இதனை ஊழியர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.