பங்கா என்னும் உழவூர்



பகத்சிங் 1907-இல் பிறந்த ஊர் என்னும் ஒற்றை வரியோடு பல நூல்கள் பங்காவைக் கடந்துவிடுகின்றன. அவ்வூர் இன்று பாகிஸ்தானின் பைசலாபாத் மாவட்டத்தில் உள்ளது. பைசலாபாத்தின் பழம்பெயர் லயால்பூர். அரசு ஏட்டில் பங்காவின் அடையாளம் ஓர் எண்: சக் 105.

எண்ணால் ஊரை அழைக்கும் வழக்கம் கால்வாயோடு வந்தது. ராவிக்கும் செனாபுக்கும் இடையில் கிடந்தது மேய்ச்சல் நிலம். 1892-இல் கீழ்ச் செனாப் கால்வாய் திறக்கப்பட்டதும், ஆங்கில அரசு அந்நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, மக்கள் நெருக்கம் மிகுந்த கிழக்கு மாவட்டங்களின் உழவர்களைக் குடியேற்றியது. அங்கே காலங்காலமாய் மாடும் ஒட்டகமும் மேய்த்துத் திரிந்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'ஜாங்லி'. கால்வாயின் வெற்றியைப் பாடுவோர் இவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஜலந்தர் மாவட்டத்துக் கட்கர் கலானிலிருந்து பகத்சிங்கின் பாட்டனார் அர்ஜன்சிங்கின் குடும்பம் இங்கு வந்தது. கட்கர் கலானுக்கு அருகிலும் பங்கா என்றே ஓர் ஊர் உண்டு.

திருத்தியவர் கையில் நிலம் இருந்தது. உரிமை அரசின் கையில் இருந்தது. 1906-இல் வந்த குடியேற்ற நிலச் சட்ட முன்வரைவு அந்தப் பிடியை மேலும் இறுக்கியது. நிலம் மூத்த மகனுக்கு மட்டுமே. உரிய வாரிசு இல்லையேல் அரசுக்கு. விதியை மீறினால் தண்டம். இதனை எதிர்த்தெழுந்தவர்களுள் முதன்மையானவர் அர்ஜன்சிங்கின் மகன் அஜித்சிங். 1907 மார்ச்சில் லயால்பூர்க் கூட்டத்தில் பாங்கே தயாள் என்னும் இதழாசிரியர் ஒரு பாட்டுப் பாடினார். அதிலிருந்தே கிளர்ச்சி 'பக்டி சம்பால் ஜட்டா' எனப் பெயர் பெற்றது. உழவனே, உன் தலைப்பாகையைக் காத்துக்கொள் என்பது பொருள். வாரிசுரிமைச் சிக்கலையும் நீர்வரியையும் மான உணர்வாக மாற்றிக் காட்ட அந்தத் தலைப்பாகை ஒன்றே போதுமாயிற்று. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மே மாதம் லஜபதிராயும், ஜூனில் அஜித்சிங்கும் கைதாகி மாந்தலைக்கு நாடு கடத்தப்பட்டனர். அதே மே மாதத்தில் வைஸ்ராய் மிண்டோ அச்சட்டத்துக்கு ஒப்புதல் மறுத்துவிட்டார். லஜபதியின் நாடுகடத்தலை நம் பாரதி பாடினார். அப்பாடல்களைப் பயில்கையில், பின்னணியில் இந்த வாய்க்கால் வயல்களும் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

பின்னும் பல ஆண்டுகள் அயல்நாடுகளில் அலைந்து திரும்பிய அஜித்சிங், 1947 ஆகஸ்ட் 15 அன்று டல்ஹௌசியில் உயிர்நீத்தார். எல்லைக்கோடு வெளியிடப்பட்டது ஆகஸ்ட் 17-இல். லயால்பூர்ச் சக்குகளின் சீக்கிய, இந்து உழவர்கள் வண்டி கட்டிக் கிழக்கே புறப்பட்டனர். அங்கிருந்து முஸ்லிம் உழவர்கள் மேற்கே வந்தனர்.

கிழக்கே வந்தவர்கள் விட்டுவந்த நிலம் ஏறத்தாழ 67 லட்சம் ஏக்கர். கிழக்கில் கிடைத்ததோ 47 லட்சம் ஏக்கர்தான். இன்ன ஊரில் எனக்கு இத்தனை ஏக்கர் இருந்தது என ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவ்வூரிலிருந்து வந்த மற்றவர்களைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் அதிகாரிகள் அதைச் சரிபார்த்தனர். ஊர் எல்லைக்கு அப்பால், ஊர்க்கூட்டம் இப்பால்! யாருடைய வயல் எந்த வரப்போடு முடிந்தது, எவருடைய பங்கு எவ்வளவு என்று நினைவைக் கொண்டே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. அக்கம்பக்கத்தாரே மறுத்ததும் உண்டு. இறுதியில், மிகுதியாக நிலம் வைத்திருந்தவர்களுக்கே மிகுதியாக வெட்டு விழுந்தது.

பங்காவில் பகத்சிங் பிறந்த வீட்டை இன்று பாகிஸ்தானியர் பேணி வருகின்றனர்.